மயிலைக் கரையில் மூன்று படைகள்

சென்னையின் போர் நினைவுகள் இரண்டு. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் வீசிய குண்டுகள் ஒன்று. ஜப்பான்காரன் வருகிறான் என்று 1942 ஏப்ரலில் நகரமே மூட்டை கட்டியது இன்னொன்று. இரண்டிலும் எதிரிப் படை கரையில் கால் வைக்கவில்லை. எதிரிச் சிப்பாய் தெருவில் நடந்து, கோயில் மதிலுக்குள் படுத்துறங்கி, கடையில் அரிசியை விலைக்கு வாங்கியோ பிடுங்கியோ தின்ற காலமும் இந்த நகருக்கு உண்டு. அந்தக் கதையின் பெரும்பகுதி நடந்த இடம் இன்றைய தென்சென்னை. திருவல்லிக்கேணியில் தொடங்கி சாந்தோம், மயிலாப்பூர் வழியாக அடையாற்று முகத்துவாரம் வரை நீளும் கரை அது.

1672க்கும் 1759க்கும் இடையில் பிரெஞ்சுப் படை மூன்று முறை இங்கே வந்தது. கொடி ஒன்றுதான், அரச வம்சமும் ஒன்றுதான். ஆனால் குடிமக்கள் பட்ட பாடு மூன்று முறையும் மூன்று விதம். இந்த வேறுபாட்டுக்குத் தளபதிகளின் குணத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம்: ஒருவர் பிடிவாதக்காரர், ஒருவர் வியாபாரி, ஒருவர் முன்கோபி. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தப் படைகளுக்குச் சோறும் சம்பளமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் கிடைக்கும் விடை இன்னும் நெருக்கமானது.

பட்டினி கிடந்த படை: 1672–74

சாந்தோம் போர்த்துக்கீசியர் வளர்த்த ஊர். புனித தோமையார் கல்லறையைச் சுற்றிப் பதினாறாம் நூற்றாண்டில் வளர்ந்து, மதில் எழுப்பிக்கொண்டு, 1606இல் தனி மறைமாவட்டமும் ஆனது. 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை அதைப் பிடித்தது. போர்த்துக்கீசியக் குடும்பங்கள் பல வடக்கே ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டைப் பக்கம் குடிபெயர்ந்தன. அந்தக் கோட்டையும் கோல்கொண்டாவின் அனுமதியில்தான் நின்றது. 1672இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆங்கிலேயர் ஆண்டுக்கு 1,200 வராகன் குத்தகை கட்டினார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் ழாக் பிளாங்கே தெ லா ஹே என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள் சாந்தோமுக்கு எதிரே நங்கூரமிட்டன. பதினான்காம் லூயி அனுப்பிய இந்தக் கப்பற்படை 1670இல் பிரான்சை விட்டுக் கிளம்பியது. மடகாஸ்கரையும் சூரத்தையும் பார்த்துவிட்டுத் திருகோணமலையில் காலூன்றப் போய் டச்சுக்காரரிடம் தோற்று வந்திருந்தது. இரண்டு ஆண்டுக் கடற்பயணத்தில் மெலிந்த ஆட்கள் முதலில் கேட்டது உணவுப் பொருள்கள். ஊரை ஆண்ட கோல்கொண்டா அதிகாரிகள் மறுத்தார்கள். ஜூலை 25 அன்று சில மணி நேரச் சண்டையில் சாந்தோம் விழுந்தது. ஆக, பிரெஞ்சுக்காரரின் முதல் மயிலைப் பிரவேசமே ஒரு சாப்பாட்டுத் தகராறில் தொடங்கியது.

பிடித்தது எளிது, வைத்திருப்பது அரிது. கோல்கொண்டா படை நிலப்பக்கம் வளைத்தது. ஐரோப்பாவில் பிரான்சோடு போரில் இறங்கிவிட்ட டச்சுக்காரர், ரைக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையில் கடல் பக்கத்தை அடைத்தார்கள். ஆங்கிலேயரின் நிலை தர்மசங்கடமானது. லண்டனில் அவர்களுடைய மன்னர் பிரான்சின் கூட்டாளி, சென்னையில் அவர்களுடைய நிலச்சொந்தக்காரர் பிரான்சின் எதிரி. ஆளுநர் வில்லியம் லாங்ஹார்ன் வெளிப்படையாக எந்தப் பக்கமும் சாயாமல் நாளைக் கடத்தினார்.

இரு முற்றுகைக்கும் நடுவே அகப்பட்டவை மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும். பார்த்தசாரதி கோயில் இரு தரப்புக்கும் படைத்தளமாகக் கைமாறியது. படைக்காரன் கண்ணுக்குக் கோயில் என்பது உயர்ந்த கல்மதில், வற்றாத குளம், நெல் அடுக்கிய களஞ்சியம், நிழல் தரும் மண்டபம் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்த கோட்டை. பின்னாளில் கர்நாடகப் போர்களில் ஸ்ரீரங்கமும் சிதம்பரமும் பாசறைகளானதற்கும் இதே காரணம்தான். ஒரு கோயிலைப் படை பிடித்தால் பூசை மட்டும் நிற்பதில்லை. கோயில் நிலத்தை உழுதவர், கட்டளைச் சோற்றை நம்பியிருந்தவர், மாடவீதியில் கடை போட்டவர் எல்லோருக்கும் வரும்படி நின்றுபோகும்.

முற்றுகைக்குள் கிடந்த படைக்குச் சுற்றுவட்டாரத்தில் நெல் கிடைக்காது. கோல்கொண்டாவின் கை எட்டாத ஒரு இடத்திலிருந்து கடல்வழியாகத்தான் வரவேண்டும். அதற்காக பெலாஞ்சே தெ லெஸ்பினே என்ற அதிகாரி தெற்கே பரங்கிப்பேட்டைக்கு அனுப்பப்பட்டார். அது பீஜப்பூர் சுல்தானின் ஆட்சிப் பகுதி. வாலிகொண்டாபுரத்திலிருந்து அதை நிர்வகித்தவர் ஷேர்கான் லோடி. அவர் பிரெஞ்சுக்காரருக்குக் காட்டிய இடம் ஒரு கடற்கரைக் கிராமம். 1673 பிப்ரவரி 4 அன்று லெஸ்பினே அங்கே தங்க வந்தார். 1674 ஜனவரியில் சாந்தோமிலிருந்து பிரான்சுவா மார்த்தேன் ஒரு சிறு குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். அந்தக் கிராமம்தான் புதுச்சேரி. பிரெஞ்சு இந்தியாவின் தலைநகர் பிறந்தது சாந்தோமில் பட்டினி கிடந்த படைக்கு நெல் தேடிப் போன வழியில்.

1674 செப்டம்பர் முதல் வாரத்தில் லா ஹே சரணடைந்தார். மிச்சமிருந்தவர்கள் கப்பலேறினார்கள். கோல்கொண்டா திரும்பப் பெற்ற சாந்தோமின் மதில்கள் இடிக்கப்பட்டன. மறுபடி ஓர் ஐரோப்பியன் அதற்குள் ஒளியக்கூடாது என்பது நோக்கம். 1676இல் திருவல்லிக்கேணி ஆண்டுக்கு 50 வராகனுக்கு ஆங்கிலேயரிடம் குத்தகைக்குப் போனது. மதிலிழந்த சாந்தோம் தேய, கோட்டை இருந்த சென்னப்பட்டினம் வளர்ந்தது.

பேரம் பேசிய படை: 1746–49

இரண்டாம் முறை வந்தவர்களுக்குப் பசி இல்லை. எழுபது கல்லுக்கும் மேல் தெற்கே புதுச்சேரி செழித்த நகரமாக இருந்தது. மொரீசியசிலிருந்து கப்பல்களைக் கட்டிக்கொண்டு வந்த லா பூர்தோனே, 1746 செப்டம்பரில் நகருக்குத் தெற்கே படையை இறக்கி, சில நாட்களில் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். கோட்டை விழுந்த தேதி பிரெஞ்சு ஏடுகளில் செப்டம்பர் 21, ஆங்கில ஏடுகளில் செப்டம்பர் 10. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாள்காட்டியையே பின்பற்றியதால் இந்தப் பதினோரு நாள் வித்தியாசம். இக்காலத்து ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் ஒரே சண்டை இரண்டாகத் தெரியும்.

லா பூர்தோனேவுக்கு வேண்டியது நகரம் அல்ல, பணம். 11 லட்சம் வராகன் மீட்புத்தொகைக்கு ஆளுநர் நிக்கோலஸ் மோர்ஸோடு பேசி முடித்தார். அக்டோபர் நடுவில் அடித்த புயல் அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. அவர் போனதும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டு நகரத்தையே வைத்துக்கொண்டார். ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன், தனக்குத் தருவதாகச் சொன்ன ஊர் வரவில்லை என்று மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார்.

நவம்பர் 4 அன்று அடையாற்றங்கரையில் நடந்த சண்டை உலக ராணுவ வரலாற்றில் இடம்பெற்றது. மாபூஸ் கானின் படை பத்தாயிரம் பேர் என்பது வழக்கமான கணக்கு. புதுச்சேரியிலிருந்து கரையோரமாக நடந்து வந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் பாரதீயிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும். பீரங்கி ஒன்றுகூட இல்லை. இன்று பட்டினப்பாக்கத்துக்கும் சாந்தோமுக்கும் அருகில் கல்லறைத் தோட்டங்கள் இருக்கும் குயிபிள் தீவுப் பக்கம் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசை கலையாமல் சுட்டுக்கொண்டே அவர்கள் முன்னேறியதும் நவாப் படை பின்வாங்கி சாந்தோமின் தெருக்களுக்குள் நெருக்கியடித்தது. குறுகிய சந்துகளில் யானையும் குதிரையும் ஒட்டகமும் மூட்டை சுமந்தவர்களும் முட்டிக்கொண்டு நிற்க, துப்பாக்கிச் சூடு தொடர்ந்தது. ராணுவ நூல்கள் இந்த இடத்தில் ஐரோப்பிய ஒழுங்கின் வெற்றி என்று எழுதி முடித்துவிடும். அந்தச் சந்துகள் குடியிருப்புகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரையில் தொடங்கிய சண்டை முடிந்தது வீட்டு வாசல்களில்.

ஒரு நாளில் முடிந்த சண்டையைவிட, மூன்று ஆண்டு நீடித்த ஆக்கிரமிப்பு குடிமக்களை ஆழமாகத் தொட்டது. துய்ப்ளேயின் படைக்கு உணவு புதுச்சேரியிலிருந்தும் சந்தையிலிருந்தும் வந்ததால் வீடு வீடாக நெல் தேட வேண்டிய தேவை குறைவு. நெருக்கடி வேறு பக்கம் வந்தது. கோட்டையை ஒட்டி இந்தியர் குடியிருந்த பழைய கருப்பர் நகரத்தின் ஒரு பகுதி பீரங்கிகளுக்குத் திறந்த வெளி வேண்டும் என்று இடிக்கப்பட்டது. சென்னை வணிகர்கள் புதுச்சேரிக்குக் குடிபெயர வேண்டும் என்ற அழுத்தம் வந்தது. வணிகன் போனால் அவனை நம்பிய நெசவாளியும் தரகனும் சாயக்காரனும் போவார்கள், போட்டித் துறைமுகம் தானே வாடும் என்பது துய்ப்ளேயின் கணக்கு.

இந்தக் கணக்குக்கு மசியாதவர்களில் ஒருவர் ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிக்கொடுத்தவர், பரங்கிமலைக்குப் படி அமைத்தவர். மறைமலை அடிகள் பாலமாகப் பின்னாளில் மாறிய அந்த இடத்தில் அவர் பெயர் பொறித்த பழைய கல்வெட்டு உண்டு. பிரெஞ்சுக்காரர் அவர் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். தங்கள் பக்கம் வந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லியும் அவர் இணங்கவில்லை.

1748இல் ஐரோப்பாவில் கையெழுத்தான எக்ஸ்-லா-சப்பேல் உடன்படிக்கைப்படி வென்ற இடங்களை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். கனடாவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்குப் போக, சென்னை ஆங்கிலேயருக்கு வந்தது. 1749இல் கொடி மாறியதும் அட்மிரல் போஸ்கவன் சாந்தோமையும் மயிலாப்பூரையும் ஆங்கிலேயர் வசமாக்கினார்.

ஆக்கிரமிப்பு முடிந்த ஊரில் அடுத்து எழும் கேள்வி, யார் யார் எதிரியோடு ஒத்துப்போனார்கள் என்பது. சென்னையில் அந்தச் சந்தேகம் மதத்தின் மேல் விழுந்தது. துய்ப்ளே சாந்தோமின் பொறுப்பைக் கொடுத்திருந்த பாதிரியார் அந்தோனியோ நொரோன்யா கைதுசெய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டார். கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் கோட்டைக்குள் குடியிருக்கத் தடை வந்தது. உஸ்கானின் கதை இதில் கசப்பானது. ஆங்கிலேயர் பக்கம் நின்றதற்காகப் பிரெஞ்சுக்காரரிடம் சொத்தை இழந்தவர் அவர். வேப்பேரியில் அவர் எழுப்பிய கத்தோலிக்கச் சிற்றாலயம், அவர் இறந்த மறு ஆண்டான 1752இல், ஆங்கிலேயர் ஆதரவோடு புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் கைக்குப் போனது.

சம்பளம் காணாத படை: 1758–59

மூன்றாம் முறை வந்தவர் லாலி. அயர்லாந்து வம்சாவளி, பிரெஞ்சுத் தளபதி. 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கியபோது கஜானா காலி. கடலூர் அருகே தேவனாம்பட்டினத்திலிருந்த டேவிட் கோட்டையை ஜூனில் பிடித்தார். அங்கே போகும் வழியில் மூட்டை சுமக்கவும் வண்டி இழுக்கவும் ஆளில்லாமல், கண்ணில் பட்ட ஊர்க்காரர்களைச் சாதி பாராமல் பிடித்துச் சுமையேற்றினார்கள். கூலி கொடுக்கக் காசில்லாத படைக்குக் கட்டாய வேலைதான் கூலி மிச்சம். பிறகு ஒரு பழைய கடன் பத்திரத்தைக் காட்டிப் பணம் வசூலிக்கத் தஞ்சாவூர் மேல் படையெடுத்தார். வழியில் கீழ்வேளூர் கோயில் சூறையாடப்பட்டது. ஒற்றர்கள் என்று சந்தேகித்துப் பிராமணர்கள் சிலர் பீரங்கி வாயில் கட்டிக் கொல்லப்பட்டார்கள். பணம் கிடைக்காமலே திரும்பினார்.

டிசம்பரில் அந்தப் படை பரங்கிமலை வழியாகச் சென்னைக்கு வந்தது. மலையிலிருந்து கோட்டைக்கு வரும் சாலைக்கு மேற்கே அன்று நீண்ட ஏரி. இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி அதன் நீர்ப்பரப்பில் இருந்தது, 1920களில் ஏரியைத் தூர்த்துத்தான் அந்த நகர் எழுந்தது. சாலைக்குக் கிழக்கே தோப்பும் வயலும் ஆங்கிலேயரின் தோட்ட வீடுகளுமாக விரிந்தது சத்திரச் சமவெளி. அந்த வழியாக வந்த படை டிசம்பர் 14 அன்று கருப்பர் நகரத்துக்குள் நுழைந்தது. ஒழுங்கு அங்கேயே குலைந்தது. சிப்பாய்கள் வீடுகளை உடைத்தார்கள், சாராயத்தைக் கண்ட இடத்தில் குடித்தார்கள். போதையில் இருந்த படை மேல் கோட்டையிலிருந்து வந்த ஆங்கிலேயர் பாய்ந்தபோது தெருக்களிலேயே கடும் சண்டை நடந்தது. சூறையாடிய பொருள் தனிக் கைகளுக்குள் போனதே தவிர, படைச் சம்பளத்துக்கு உதவவில்லை.

வேப்பேரியில் இருந்த ஜெர்மானிய மிஷனரி பாப்ரீசியுஸ் பழவேற்காட்டுக்குத் தப்பியோடினார். அவருடைய இருப்பிடமும் கொள்ளைக்குத் தப்பவில்லை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கே கைப்பற்றிய அச்சு இயந்திரம் அவரிடம் வந்து சேர்ந்தது. 1779இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரியில் அச்சானது.

முற்றுகையின் தலைவிதி கோட்டைச் சுவரில் தீர்மானமாகவில்லை, தெற்கே சாலைகளில் தீர்மானமானது. செங்கல்பட்டுக் கோட்டை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. ஆங்கிலேயப் படையின் கையோவும், மருதநாயகம் என்று தமிழர் அறிந்த யூசுப் கானும் சென்னைக்கு வெளியே சுற்றிக்கொண்டு, லாலிக்கு வரும் நெல்வண்டிகளையும் மாடுகளையும் மறித்தார்கள். அவர்களை விரட்ட 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையடியில் நடந்த சண்டையில் பிரெஞ்சுக்காரரால் முடியவில்லை. ஒரு வாரத்தில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரிந்தன. பிப்ரவரி 17 அன்று லாலி, காயம்பட்டவர்களையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டுப் பின்வாங்கினார். சம்பளம் கிடைக்காத அவருடைய படை அதே ஆண்டு கலகம் செய்தது. 1766இல் பாரிசில் அவர் தலை வெட்டப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரிக்கு நெல் போகாமல் தடுக்கும் போர்முறை, நெல் விளையும் ஊரைத்தான் முதலில் அழிக்கும். யூசுப் கானின் வெற்றியைக் கொண்டாடும்போது, மறிக்கப்பட்ட மாடுகள் யாருடைய உழவு மாடுகள் என்ற கேள்வியும் உடன் வரவேண்டும்.

அந்நியர் யார்?

இதுவரை ‘பிரெஞ்சுப் படை’ என்று எழுதியது வசதிக்காக. அடையாற்றைக் கடந்த பாரதீ சுவிட்சர்லாந்துக்காரர். லா பூர்தோனே மஸ்கரீன் தீவுகளிலிருந்து ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்திருந்தார். பிரெஞ்சுச் சிப்பாய்களில் மாஹியிலிருந்து வந்த மலையாளிகள் உண்டு. லாலியின் சொந்த ரெஜிமெண்டு ஐரிஷ்காரர்களால் ஆனது. எதிரே நின்ற கோல்கொண்டா படைக்கும் ஆர்க்காட்டுப் படைக்கும் தலைமை தாங்கியவர்கள் பாரசீகத்தில் கடிதம் எழுதியவர்கள். மயிலாப்பூர்க் குடியானவர் பார்வையில் இவர்களில் எவர் உள்ளூர்க்காரர்? வரி வாங்கும் அதிகாரம் யாருடையது என்று தெரியும், அவர் பேசுவது புரியாது. எனவே படை தன் நாட்டுடையதா அந்நியருடையதா என்பதைவிட, அது வாங்குகிறதா பறிக்கிறதா, இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்விகளே அன்றாடத்தில் பெரிதாக இருந்திருக்கும்.

‘இருந்திருக்கும்’ என்றுதான் எழுத முடிகிறது. மார்த்தேனும் பிரெஞ்சுப் பாதிரியார் கர்ரேயும் 1670களைப் பற்றி எழுதினார்கள். ஆங்கிலேயர் ஆலோசனைக் குறிப்புகளை வைத்தார்கள். தமிழில் நமக்குக் கிடைக்கும் பெருங்குரல் ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர், துய்ப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். சென்னை வீழ்ச்சியை அவர் எழுதியது புதுச்சேரியில் உட்கார்ந்து, வென்றவர் பக்கத்தில் நின்று. சரக்கு யாருடையது, வணிகர் எங்கே போனார், விலை என்ன என்பதெல்லாம் அவர் பேனாவில் துல்லியம். நெல் பறிகொடுத்த உழவரும், வீடு இடிபட்ட நெசவாளியும், படை நுழைந்த தெருவில் கதவடைத்து உட்கார்ந்திருந்த பெண்களும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை.

இதை யாழ்ப்பாணத்தோடு ஒப்பிடலாம். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை அங்கே இருந்த காலத்தைப் பற்றி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் அந்த ஊரிலேயே இருந்தபடி ‘முறிந்த பனை’யை எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 மார்ச்சில் அந்தப் படையின் கடைசிப் பிரிவினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. குடிமக்களின் சாட்சியம் எழுத்தில் இருந்தால் படையின் பெயர் என்னவாக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மயிலையில் அந்தச் சாட்சியம் இல்லாததால் பாரதீயின் வெற்றி மட்டும் எஞ்சியது.

சோற்றுக் கணக்கு

மூன்று அனுபவங்களையும் சேர்த்து வைத்தால் ஒரு வரிசை தெரிகிறது. முற்றுகையில் சிக்கிய படை, தான் பட்டினி கிடந்ததோடு சுற்றியிருந்த ஊரையும் வளையத்துக்குள் இழுத்துக்கொண்டது. உணவும் பணமும் இருந்த படை, வயிற்றில் அடிக்காமல் தொழிலைப் பெயர்த்தது. சம்பளம் காணாத படை ஆளையும் பொருளையும் சேர்த்துப் பறித்தது.

பிற்காலத்துப் போர்ச்சட்டம் வந்து சேர்ந்த இடமும் இதுதான். 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 52ஆவது பிரிவு, படை கேட்டு வாங்கும் பொருள் ஊரின் வசதிக்கு உட்பட்டிருக்க வேண்டும், கையில் காசு அல்லது ரசீது தரவேண்டும் என்கிறது. 1949ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 51ஆவது பிரிவு கட்டாய வேலைக்கு வரம்பு கட்டுகிறது. 55ஆவது பிரிவு, பிடித்த ஊரின் மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது பிடித்தவன் கடமை என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு மயிலாப்பூர் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் தடுக்க நினைத்த ஒவ்வொன்றும் இந்தக் கரையில் ஏற்கெனவே நடந்தவை. தென்சென்னையின் வரலாற்றை எழுத உட்காருபவர், அடையாற்றுச் சண்டையின் ஒரு நாளுக்குத் தரும் பக்கங்களை அந்தப் படைகள் தின்ற நெல்லுக்கும் தந்தால், குடிமக்கள் பேசாமல் போன இடங்களில் பாதியாவது நிரம்பும்.